ஒரு நம்பர் இருந்தால் பேச்சே மாறும்!

வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டியாகிவிட்டது. ‘பாக்கி இல்லை’ என்ற சான்றும் கைக்கு வந்துவிட்டது. அடமானம் வைத்த பத்திரம் மட்டும் வரவில்லை. சிதம்பரம் கிளையில் கேட்டால், “கடலூர்ல இருக்கு” என்கிறார்கள். பஸ் ஏறி கடலூருக்குப் போனால், “சென்னையிலேர்ந்து வரணும் சார், அடுத்த வாரம் பாருங்க” என்கிறார்கள். கடன் வாங்கி வீடு கட்டிய பல குடும்பங்களுக்கும் பழக்கமான அலைச்சல்தான் இது.

இந்த இடத்தில் இரண்டு விதமாகப் பேசலாம். “ரிசர்வ் பேங்க்ல ஏதோ ரூல் இருக்காமே சார்...” என்று இழுப்பது ஒன்று. “2023 செப்டம்பர் 13-ம் தேதி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை, எண் ஆர்.பி.ஐ/2023-24/60” என்று எழுதிக் கொடுப்பது இன்னொன்று. முதலாவதற்கு “பார்க்கலாம்” என்ற பதிலே போதும். இரண்டாவது அப்படியல்ல. எண்ணும் தேதியும் இருப்பதால், அந்தச் சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்துத்தான் அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

அதில் என்ன இருக்கிறது?

தனிநபர் கடன் முழுமையாக அடைக்கப்பட்ட 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக் கடனும் இந்த வகையில்தான் வரும். வங்கியின் காரணத்தால் தாமதமானால், ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணம் தொலைந்தாலோ சேதமானாலோ, நகல் பத்திரம் வாங்க வங்கி உதவ வேண்டும், செலவையும் ஏற்க வேண்டும். இதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு. ஆவணத்தைக் கடன் கணக்கு இருந்த கிளையிலேயே வாங்குவதா, ஆவணம் இருக்கும் வேறு அலுவலகத்தில் வாங்குவதா என்று முடிவு செய்வது வாடிக்கையாளரின் உரிமை. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், வாரிசுகளிடம் ஒப்படைக்கும் நடைமுறையை வங்கி தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித் தர வேண்டிய ஆவணங்களுக்கு இது பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 1-ல் கடன் முடிந்தால், ஜூலை 1-க்குள் பத்திரம் வர வேண்டும். ஆகஸ்ட் 10-ல் வந்தால் தாமதம் 40 நாள். இழப்பீடு 2 லட்சம் ரூபாய்! ‘அடுத்த வாரம் வாங்க’ என்ற சொல்லுக்கு இவ்வளவு விலை இருக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

எண்ணைப் பிரித்துப் படிக்கலாம்

தாலுகா ஆபீஸிலிருந்து வரும் கடிதத்தில் ‘ந.க.எண்’ என்று தொடங்கி, ஓர் எண், ஆண்டு, ‘அ3’ போல ஒரு பிரிவின் பெயர் எல்லாம் இருக்குமல்லவா? எந்தப் பிரிவு, எந்தக் கோப்பு, எந்த ஆண்டு என்பதை அது சொல்லிவிடும். ரிசர்வ் வங்கியின் எண்ணும் ஏறக்குறைய அதே குடும்பம்தான்.

சுற்றறிக்கையின் தலையில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ‘ஆர்.பி.ஐ/2023-24/60’. அந்த ஆண்டில் ரிசர்வ் வங்கி மொத்தமாக வெளியிட்ட சுற்றறிக்கைகளின் வரிசையில் இது 60-வது. அதற்குக் கீழே, வெளியிட்ட துறையின் சொந்த எண் இருக்கும். துறையின் சுருக்கப் பெயர், துறையின் வரிசை எண், புள்ளி வைத்த கோப்பு எண், ஆண்டு என்று அது நீளும். மேலே சொன்ன சுற்றறிக்கையில் துறை வரிசை எண் 38, கோப்பு எண் 01.01.001.

இதில் சுவாரஸ்யமானது கோப்பு எண்தான். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது வந்த சுற்றறிக்கை ஆர்.பி.ஐ/2016-17/112. கீழே பண நிர்வாகத் துறையின் எண் 1226/10.27.00/2016-17. ஏறக்குறைய ஆறரை ஆண்டு கழித்து, 2023 மே 19-ல் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறும் சுற்றறிக்கை வந்தது. அதன் எண் எஸ்-236/10.27.00/2023-24. கவனித்தீர்களா? இரண்டிலும் கோப்பு எண் அதே 10.27.00. 2,000 ரூபாய் நோட்டு வரக் காரணமான அறிவிப்பும், அது விடைபெற்ற அறிவிப்பும் ஒரே கோப்பு எண்ணில் இருக்கின்றன.

இரண்டே நாளில் மாறிய உத்தரவு

எண்ணும் தேதியும் ஏன் முக்கியம் என்பதை அந்த 2016 டிசம்பர் நன்றாகவே காட்டியது. டிசம்பர் 19-ல் ஒரு சுற்றறிக்கை வந்தது. துறை எண் 1859. 5,000 ரூபாய்க்கு மேல் பழைய நோட்டுகளை டிசம்பர் 30 வரை ஒரே ஒரு முறைதான் கணக்கில் செலுத்தலாம். அதுவும், ‘ஏன் முன்பே கட்டவில்லை?’ என்று குறைந்தது இரண்டு அதிகாரிகள் முன்னிலையில் விசாரித்த பிறகுதான். டிசம்பர் 21-ல் இன்னொன்று வந்தது. துறை எண் 1911. கே.ஒய்.சி விவரங்களை முழுமையாகக் கொடுத்த கணக்குகளுக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்றது.

இரண்டும் ஒரே துறை, ஒரே கோப்பு, ஒரே விஷயம். எது பிந்தியது என்பதை எண்ணும் தேதியும்தான் சொல்லின. 19-ம் தேதி தாளையே கையில் வைத்திருந்தவர், தேவையில்லாமல் விளக்கம் சொல்லி நிற்க வேண்டியிருந்திருக்கும்.

கப்பலில் போன கடிதங்கள்

கடலூருக்கு இந்த வழக்கம் புதிதல்ல. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் புனித டேவிட் கோட்டை. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனபோது, கம்பெனியின் தலைமையிடமே இங்கே வந்து 1752 வரை இருந்தது. லண்டனுக்குக் கடிதம் போய்ச் சேரவே பல மாதங்கள் ஆகும். அதனால் கடிதத்தின் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டார்கள். பதில் எழுதுபவர் அந்தப் பத்தி எண்ணைச் சொல்லிப் பதில் எழுதினார். கப்பல் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று, வேறு கப்பலில் நகலும் போனது. ‘எந்தக் கடிதம், எந்தப் பத்தி’ என்பதில் குழப்பம் வந்தால், அதைத் தீர்க்க ஒரு வருடம் பிடிக்குமே!

ஆண்டுக் கணக்கில் ஒரு பொடி

பழைய சுற்றறிக்கை தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் கணக்கு ஆண்டு நீண்ட காலம் ஜூலை முதல் ஜூன் வரை இருந்தது. 2021 ஏப்ரலிலிருந்துதான் ஏப்ரல் - மார்ச் கணக்குக்கு முழுமையாக வந்தது. அதனால் 2017 மே மாதச் சுற்றறிக்கையில் 2016-17 என்றே இருக்கும். 2017 ஜூலை 6-ல் வந்த ஒன்றுக்கு எண் ஆர்.பி.ஐ/2017-18/15. கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் பணம் போனால் யார் பொறுப்பு என்று சொன்ன சுற்றறிக்கை அது. தவறு வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ இல்லாமல் வேறெங்கோ இருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்றது.

‘அது ரத்தாயிடுச்சே’ என்றால்?

2025 நவம்பர் 28-ல் ரிசர்வ் வங்கி ஒரு பெரிய வீட்டுச் சுத்தம் செய்தது. 9,445 சுற்றறிக்கைகளை ரத்து செய்துவிட்டு, நடைமுறையில் இருப்பவற்றை 244 முதன்மை வழிகாட்டுதல்களாகத் தொகுத்தது. வணிக வங்கி, கூட்டுறவு வங்கி, வங்கி அல்லாத நிதி நிறுவனம் என்று நிறுவன வகைவாரியாக அவை பிரிக்கப்பட்டன.

“நீங்க சொல்ற சர்குலர் இப்போ இல்லையே” என்று ஒருவர் சொன்னால் கலங்க வேண்டாம். எண் போனதால் உரிமை போய்விடாது. பத்திரம் திருப்பித் தரும் விதி இப்போது ‘பொறுப்பான வணிக நடத்தை’ குறித்த 2025-ம் ஆண்டு வழிகாட்டுதலுக்குள் இருக்கிறது. கடன் தந்தது எந்த வகை நிறுவனம் என்று தெரிந்துகொண்டு, அந்த வகைக்கான வழிகாட்டுதலைத் தேட வேண்டும். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதியில் ஆண்டு, மாதவாரியாக எல்லாம் இருக்கிறது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், எழுதும் நாளில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்பில் ‘ரிசர்வ் வங்கியின் புதிய உத்தரவு’ என்று வருகிறதா? எண்ணும் தேதியும் இல்லையென்றால் நம்பி ஃபார்வேர்டு செய்யாதீர்கள். இருந்தால், இணையதளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். 10 ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியால் கடைகளிலும் பஸ்ஸிலும் எத்தனை சண்டை! 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் கடிதத்துக்கும் எண் போடுங்கள்

அரசு அலுவலகக் கடிதங்களில் ‘பொருள்’ என்பதற்கு அடுத்து ‘பார்வை’ என்று இருக்கும். முந்தைய கடிதங்களின் எண்ணும் நாளும் அதில் வரிசையாக வரும். நம் கடிதத்திலும் அதே முறைதான் வேண்டும்.

* முதல் கடிதத்துக்கு ‘1/2026’ என்று எண்ணும் தேதியும் போடுங்கள். ‘பார்வை’யில் கடன் கணக்கு எண், கடன் முடிந்த தேதி, ரிசர்வ் வங்கி விதியின் எண்.

* இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

* இரண்டாவது கடிதத்தின் ‘பார்வை’யில் முதல் கடிதத்தின் எண் இருக்க வேண்டும். வங்கி தரும் புகார் எண்ணும் இருக்க வேண்டும்.

* 30 நாட்களுக்குள் பதில் வரவில்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ஆன்லைனில் புகார் செய்யலாம். சந்தேகங்களுக்கு 14448 என்ற இலவச எண் இருக்கிறது.

குறைதீர்ப்பாளர் முதலில் பார்ப்பது, வங்கியிடம் எப்போது புகார் கொடுத்தீர்கள் என்பதைத்தான். “பத்துத் தடவை நடந்தேன்” என்பதைக் காட்ட முடியாது. முத்திரை குத்திய ‘1/2026’ஐக் காட்ட முடியும். ஒரு சாதாரண ஃபைலும் பேனாவும் போதும். வீட்டுப் பத்திரம் வைக்கிற பீரோவிலேயே அந்த ஃபைலுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.