ஏரிக்கரைக்குப் போங்கள்... ஒரு ஜோடிக் கண் தண்ணீர் மேலேயே இருக்கட்டும்!

'பசங்களுக்கு லீவு விட்டாச்சு சார். ஊட்டி, கொடைக்கானல்னு போனா ரூம் வாடகையே கையைக் கடிக்குது. வீட்டோட இருந்தா நாள் முழுக்க செல்போன். என்னதான் செய்யறது?'

மே மாதம் பிறந்தால் முண்டியம்பாக்கத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிற தாய்மார்கள் கேட்பது இதைத்தான். 'பக்கத்துலயே ஏரி இருக்கேம்மா! கட்டுச்சோறு கட்டிக்கிட்டு ஒரு நாள் குடும்பத்தோட இருந்துட்டு வாங்க' என்பேன். வராக நதியும் தொண்டியாறும் கலக்கிற இடத்தில் வீடூர் அணை இருக்கிறது. புதுச்சேரி எல்லையில் ஊசுட்டேரி. மரக்காணம் பக்கம், 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி.

விடிகாலையில் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் மரநிழலை விட்டு நகராதீர்கள். வேனிலில் உடம்புச் சூடு ஏறும் என்பது சித்த மருத்துவம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். நீர்மோர், நுங்கு, திண்டிவனம் தர்பூசணி போதும். 'கூடாரம் போட்டு ராத்திரி தங்கலாமா?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொசுவும் பாம்பும் நடமாடும் கரையில் அது வேண்டாம். நாலு கம்பு நட்டு, பழைய வேட்டியைக் கட்டினால் பகல் கூடாரம் தயார்!

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஏரிக்கரையில் நாங்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். என் மகள் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா பார்த்துக்கொள்வாள் என்று நான் இருந்தேன். அப்பா பார்த்துக்கொள்வார் என்று அவள் இருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஓடிப்போய்த் தூக்கிய பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. பிழைத்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் தாமிரபரணியில் நீந்திப் பழகியவன் நான். என்ன பிரயோஜனம்? நான் தண்ணீரைப் பார்க்கவே இல்லையே!

மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருகிற மாதிரி 'காப்பாத்துங்க' என்று கத்தாது. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? அதுவும் மண் எடுத்த ஏரியில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம். கலங்கிய தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது.

புளியோதரைக்கு ஒருவர், தண்ணீர்க் குடத்துக்கு ஒருவர் என்று வேலை பிரிக்கிறோம். பிள்ளைகளைப் பார்க்க மட்டும் 'எல்லாரும் இருக்கோமே' என்று விட்டுவிடுகிறோம். எல்லாரும் என்றால் யாருமில்லை என்றுதான் அர்த்தம். அரை மணிக்கு ஒருவராகப் பெரியவர்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை வந்தவர் கையில் செல்போன் கூடாது, சீட்டுக்கட்டும் கூடாது. குடித்தவருக்கு இந்த வேலையே கூடாது. மற்றவர்கள் சாப்பிட்டால் அவர் பிறகு சாப்பிடட்டும்.

யாராவது தத்தளித்தால் பதறிக் குதிக்காதீர்கள். புடவை, கயிறு, நீளக் கம்பு எது கிடைத்தாலும் நீட்டுங்கள். வெளியே எடுத்த குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தவறு. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்தி அழுத்தி விடுங்கள். 30 அழுத்தம், 2 ஊதல் என்று நிறுத்தாமல் தொடருங்கள். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். இங்கே முண்டியம்பாக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிள்ளை கண் விழித்துவிட்டாலும் அங்கே காட்டிவிடுங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

முப்பது வருஷமாக மூலிகையோடு வாழ்கிறவன் சொல்கிறேன்... தண்ணீரில் போன மூச்சைத் திருப்பிக் கொண்டுவர என்னிடம் சூரணமும் இல்லை, லேகியமும் இல்லை. வருமுன் காக்கிற மருந்து ஒன்றுதான்: கரையில் விழித்திருக்கும் ஒரு ஜோடிக் கண்.

அந்தக் கண் உங்களுடையதாக இருக்கட்டும். ஏரிக்கரைக்குச் சந்தோஷமாகப் போய்விட்டு வாருங்கள்!