நாவலூரில் மனை வாங்குமுன்



பணி ஓய்வின்போது கைக்கு வரும் தொகையை நிலத்தில் இடுவது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள நாவலூரைப் பற்றி இப்போது பலர் வினவுகின்றனர். சிறுசேரி சிப்காட் அருகிலிருப்பதும், 2023 அக்டோபர் 19 முதல் நாவலூர்ச் சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்குவது நின்றுபோனதும், மாதவரத்திலிருந்து சிப்காட் வரை மெட்ரோ இரயில் பாதை அமைக்கப்பட்டு வருவதும் தரகர்களின் வாயில் இனிமையாக ஒலிக்கின்றன. அவை மெய்யே. ஆயினும் விற்பவருக்கு அந்நிலத்தின்மேல் உரிமை உண்டா என்பதைச் சாலையும் இரயிலும் சொல்வதில்லை.

முதலாவது, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்னும் சொல்லுக்கு அஞ்சுங்கள். ஊராட்சித் தலைவரின் முத்திரை பதித்த வரைபடத்தை நம்பி மனை வாங்கியோர் புறநகரெங்கும் உள்ளனர். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வழங்க வேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககம், அல்லது அதன் எல்லைக்குட்பட்ட இடமாயின் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, அத்தகைய மனைகளை வைத்திருந்தோர் விற்கவும் இயலாமல் வங்கிக் கடன் பெறவும் இயலாமல் திகைத்தனர். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. இனி வாங்குவோர் ஒப்புதல் எண்ணைத் தரகர் தரும் நகலில் பார்த்து நிறைவடையாமல், வழங்கிய அலுவலகத்திலேயே சரிபார்த்தல் வேண்டும்.

அடுத்து, பத்திரங்கள். தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கைமாற்றமும் இடைவெளியின்றித் தொடர வேண்டும். 30 ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று பெறுங்கள். ஆனால் அது பதிவான ஆவணங்களையே காட்டும். பதியப்படாத உயிலையோ வாய்மொழிப் பாகப்பிரிவினையையோ காட்டாது. பட்டா இருந்தால் போதும் என்பது மற்றொரு மயக்கம். பட்டா வருவாய்த் துறைப் பதிவேயன்றி உரிமைப் பத்திரமன்று. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் ஏரியா, வாய்க்காலா, கோவில் நிலமா என்பதையும் பார்த்துவிடுங்கள். பவர் பத்திரம் ஒன்றை மட்டும் காட்டி ‘இதுவே கிரயம் போலத்தான்’ என்பார் சிலர். பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

இவை யாவினும் அதிக வழக்குகளுக்கு வித்திடுவது வாரிசுகளின் கையொப்பம். நம் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாது இறந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கும் மகன், மகள் என்ற பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். ‘தங்கைக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோமே’ என்று அண்ணன்மார் மட்டும் கையெழுத்திட்டு விற்ற நிலத்தில், பின்னொரு நாள் தங்கை தன் பங்கைக் கேட்டால் அவள் கேட்பது நியாயமே. இடையில் அகப்படுபவர் வாங்கியவர். விற்பவர் இந்துவானால் அவர்களுக்குரிய சட்டம் வேறு. அங்கும் மகளுக்குப் பங்குண்டு. ஆகவே வாரிசுச் சான்றிலுள்ள அனைவரும் கிரயத்தில் கையொப்பமிடட்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் தரட்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவது வேண்டாம்.

விலையோடு செலவு முடிவதில்லை. மனைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு. இதை மறந்து கடன் கணக்குப் போடுவோர் பலர்.

அடுக்குமாடி வீடாயின் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் துணை நிற்கிறது. திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். ஒப்பந்தம் பதியுமுன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கட்டுநருக்கு உரிமையில்லை. குறித்த காலத்தில் வீடு தராவிடில், விலகி வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். உங்கள் பங்கிற்கு எத்தனை சதுர அடி பிரிபடா நிலம் என்பதைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். நாளை கட்டடம் மூப்படைந்தபின் மதிப்புடையது அந்நிலமே.

தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். 2011-இல் விரிவடைந்த சென்னை மாநகராட்சியின் எல்லை இச்சாலையில் செம்மஞ்சேரியோடு நின்றது; நாவலூர் அதற்கப்பால். 2019 கோடையில் இச்சாலையின் குடியிருப்புகள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தன. 2015 டிசம்பரிலோ தாம்பரத்தையடுத்த முடிச்சூரில் வீடுகள் வெள்ளத்தில் மூழ்கின. தரகர் காட்டும் வண்ணப்படத்தில் மழைக்காலம் இருப்பதில்லை. எனவே முன்பணம் கொடுக்குமுன் ஐப்பசி கார்த்திகையில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். அங்கே குடியிருப்போரிடம், மாதம் எத்தனை லாரி வருகிறது, லாரிக்கு என்ன விலை, எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்று விசாரியுங்கள்.