வாடகை நகராட்சிக்கு, மராமத்து யாருக்கு?

நகராட்சி வணிக வளாகங்களில் கடை எடுத்திருக்கும் நம்மவர்களுக்கு ஐப்பசி மழை வந்தால் வியாபாரத்தைவிட மேல்தளத்தைப் பற்றிய கவலையே பெரிதாகி விடுகிறது. தளம் ஒழுகி, அட்டியல் போட்ட பருப்பு மூட்டைகள் அடிவரை நனைகின்றன. பின்புறச் சுற்றுவேலி சாய்ந்து கிடந்தால் பகலில் மாடும் இரவில் இரண்டு கால் பிராணியும் தாராளமாக உள்ளே வரலாம். அலுவலகத்தில் முறையிட்டால், ஒப்பந்த ஷரத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பார்க்கத்தான் வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆவது பிரிவில், குத்தகைக்கு விட்டவர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரரே செய்து செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக் கொள்ளலாம் என்கிறது. இதை மட்டும் கேள்விப்பட்டு வாடகையை நிறுத்தி விடுகிறவர்கள் உண்டு. அது ஆபத்து. எந்தப் பழுது அவர் கடமை என்பதை ஒப்பந்தமும் ஊர் வழக்கமும்தான் முடிவு செய்யும். மாறான ஒப்பந்தம் இருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. வாடகை பாக்கி என்று பூட்டுப் போட்ட பிறகு சட்டம் பேசிப் பயனில்லை.

தனியார் கட்டடமாக இருந்தால் நிலை வேறு. 22-2-2019 முதல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், கட்டட அமைப்பு சம்பந்தமான பழுதைச் சொந்தக்காரர் தலையிலும், குழாய் வாஷர், பூட்டு போன்ற சில்லறைப் பழுதை வாடகைதாரர் தலையிலும் வைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளாட்சிக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு! சந்தைத் தெருவில் ஒரு கடையை வாடகைக்கு விட்டிருக்கும் விதவைத் தாய் கட்டுப்பட வேண்டிய விதிக்கு, நூறு கடை வைத்திருக்கும் நகராட்சி கட்டுப்படத் தேவையில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

இதற்கு மேல், பல இடங்களில் பத்திரம் 'குத்தகை' என்றில்லாமல் 'உரிமம்' என்றே எழுதப்படுகிறது. உரிமதாரருக்கு 108ஆவது பிரிவின் உரிமைகள் கிடையாது. பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லியிருக்கிறது என்றாலும், ஒரு மளிகைக் கடைக்காரர் அதை நிரூபிக்க எத்தனை ஆண்டு கோர்ட்டுக்கு நடப்பது?

ஷட்டர், பூட்டு, அலமாரி, விளக்கு, உள் வெள்ளை ஆகியவை நம் பொறுப்பு என்பதில் எனக்குத் தகராறு இல்லை. தளம், தாங்கு சுவர், பொதுக் கழிப்பிடம், சுற்றுவேலி ஆகியவை எந்த ஒரு கடைக்காரரும் தனியாகத் தொட முடியாதவை. அனுமதியின்றித் தொட்டால் அதுவே ஒப்பந்த மீறல். தொடவும் கூடாது, பழுதும் பார்க்க வேண்டும் என்றால் என்ன நியாயம்? இவை நகராட்சியின் செலவாகவே இருக்க வேண்டும். அதே சமயம், சுவரில் ஓட்டை போட்டுத் தகரப் பந்தல் இழுத்தவரும், மழைநீர்க் குழாயில் சாக்குக் கிழிசலை அடைத்தவரும் தம்மால் வந்த ஒழுகலுக்கு நகராட்சியை நோக வேண்டாம். இப்படிச் சில கடைகள் இருப்பதால்தான் மற்றவர்களின் மனுவும் குப்பைக்குப் போகிறது.

பேச வேண்டிய நேரம் ஏலத்துக்கு முன்புதான். அறிவிப்பு வந்ததும் சங்கத்தின் வாயிலாக, கட்டடப் பழுதும் வேலியும் நகராட்சியைச் சேர்ந்தது என ஷரத்து சேர்க்கும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும். சாவி வாங்கும் அன்றே தளம், சுவர், வேலி ஆகியவற்றைப் படம் எடுத்துத் தேதியிட்டு, ஒரு நகலை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். ஏற்கெனவே கடையில் இருப்பவர்கள் தனித்தனியே அலையாமல், வளாகம் முழுவதற்கும் ஒரே மனு கொடுத்து ஒப்புகை பெறுவது நல்லது. கடந்த ஐந்து ஆண்டுகளில் வளாகத்திலிருந்து வந்த வாடகை எவ்வளவு, பராமரிப்புக்குச் செலவிட்டது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மனுவோடு இணைத்து, வாடகையையும் தவறாமல் கட்டி வாருங்கள்.