ஐம்பதாம் ஆண்டில் அடைத்த கதவு

கனடாவின் வின்னிபெக் நகரிலுள்ள மானிடோபா அருங்காட்சியகத்தை 1970 ஜூலையில் இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். மானிடோபா ஒரு மாகாணமாகி நூறாண்டு நிறைந்த வேளை அது. ஆக, 2020இல் அருங்காட்சியகத்துக்கு 50, மாகாணத்துக்கு 150. அந்த மார்ச்சில் கொரோனா வந்தது; கதவை அடைத்தார்கள். இடையில் கட்டுப்பாடு தளர்ந்தாலும், நவம்பரில் மாகாணம் முழுவதும் மறுபடி பூட்டு.

உலகத்தின் 95,000 அருங்காட்சியகங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் மூடிக் கிடப்பதாக அந்த மே மாதம் யுனெஸ்கோ சொன்னது. ஆனால் வின்னிபெக்கின் கதைக்குத் தனிக் கனம் உண்டு. கொள்ளைநோய் அந்தப் பகுதியின் வரலாற்றுக்குப் புதிதல்ல.

அந்த வரலாற்றைச் சொல்ல, அருங்காட்சியகத்தின் பெருமையான ‘நான்சச்’ கப்பலிலிருந்து தொடங்க வேண்டும். 1668இல் இங்கிலாந்திலிருந்து ஹட்சன் விரிகுடாவுக்குப் போய், மறு ஆண்டு பீவர் தோல்களோடு திரும்பிய சிறு கப்பலின் மறுவடிவம். அந்தத் தோல்களைக் கண்ட பிறகுதான் 1670 மே 2 அன்று இரண்டாம் சார்லஸ் மன்னர் ஹட்சன் விரிகுடா கம்பெனிக்குப் பட்டயம் தந்தார். கம்பெனியின் 300ஆம் ஆண்டை ஒட்டி 1968இல் டெவனில் கட்டிய இந்தக் கப்பல், நீரில் ஓடி முடித்து வின்னிபெக் வந்தது. 1974 முதல் பழைய துறைமுகம் போல அமைத்த கூடத்தில் நிற்கிறது.

தோல் வாங்க வந்தவர்கள் போன ஆற்று வழிகளிலேயே 1781–82இல் பெரியம்மையும் போனது. கம்பர்லாந்து ஹவுஸ் என்னும் வணிக நிலையத்தில் இருந்த வில்லியம் டோமிசன், நோயில் விழுந்த கிரீ பழங்குடி மக்களைப் பார்த்துக்கொண்டதையும் இறந்தவர்களைப் புதைத்ததையும் கம்பெனியின் நாட்குறிப்புகளில் காணலாம். 1837இல் அம்மை மீண்டும் பரவியபோது ஃபோர்ட் பெல்லி என்னும் கம்பெனி நிலையத்தில் வில்லியம் டாட் என்ற மருத்துவர் அம்மை குத்தினார். குத்தும் முறையைப் பழங்குடி மக்களுக்கும் கற்றுக்கொடுத்தார். கம்பெனியின் ஆவணங்கள் 1994இல் மானிடோபா ஆவணக் காப்பகத்துக்கும், பொருள்கள் இந்த அருங்காட்சியகத்துக்கும் கொடையாக வந்தன.

அடுத்து 1918. இன்ஃப்ளூயன்ஸா வின்னிபெக்கில் சுமார் 1,200 பேரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஏறக்குறைய 30,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றாண்டு நினைவாக 2019இல் அருங்காட்சியகம் கண்காட்சி வைத்தது அந்த வேலைநிறுத்தத்துக்கு. நோய்க்கும் வேலைநிறுத்தத்துக்கும் உள்ள உறவை வரலாற்றாசிரியர் எசில்ட் ஜோன்ஸ் 2007இல் தம் நூலில் ஆராய்ந்தார். ஊரே திரண்ட போராட்டம் கண்ணில் நிற்கும். வீட்டுக்குள் நேர்ந்த சாவு குடும்பத்தோடு போய்விடும்.

அப்படிப் போகவிடக் கூடாது என்றுதான் 2020 மார்ச்சிலேயே வியன்னா நகர அருங்காட்சியகம் மக்களிடம் கொரோனா காலப் பொருள்களின் படங்களைக் கேட்டது. கையால் தைத்த முகக்கவசம், கடைவாசல் அறிவிப்பு என்று சாதாரணப் பொருள்கள்தான் அந்தக் காலத்தின் சாட்சி.

மானிடோபாவின் வடபகுதிப் பழங்குடிக் குடியிருப்புகள் 2020இல் சாலையில் சோதனைச்சாவடி வைத்துத் தங்களைத் தாங்களே காத்துக்கொண்டன. அந்தச் சாவடிகளின் பலகைகளும் பதிவேடுகளும் நான்சச் நிற்கும் கட்டடத்துக்குள் இடம்பெற வேண்டும். 1782இல் அந்த மக்களின் சாவைத் தாளில் எழுதியவர்கள் தோல் வணிகர்கள். 2020ஐ அந்த மக்களே எழுதட்டும். அதற்கான கூடத்தை அருங்காட்சியகம் கொடுக்கட்டும்.