அவள் சொன்னதை அவள் சொல்லிலேயே எழுதுக!

வாச்சாத்தியை நாம் மறந்திருக்க மாட்டோம். திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்கெல்லையை அடுத்த அரூர் வட்டத்திலுள்ள மலையடிச் சிற்றூர் அது. 1992 சூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி அவ்வூருக்குள் புகுந்த அரசுத்துறையினர் பழங்குடிப் பெண்கள் பதினெண்மரை வன்புணர்ந்தனர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29-இல், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் அன்று உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது தருமபுரி வழக்குமன்றம். 2023-இல் சென்னை உயர் வழக்குமன்றம் அதனை உறுதிசெய்து, அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கம் உருபா வழங்கப் பணித்தது.

அவ்வழக்கைத் தாங்கிநின்ற தூண் எது? அப்பெண்களின் வாய்ச்சொல். கொடுமைக்குள்ளான பின் அவர்கள் அடைக்கப்பட்ட இடம் சேலம் சிறை. நடுவண் புலனாய்வுத்துறை வழக்கைக் கையேற்றதோ 1995-இல். அதற்குள் உடலில் எத்தடயம் எஞ்சியிருக்கும்? துணியில் எக்கறை நிலைத்திருக்கும்?

அதே 1992-இல் அமெரிக்காவில் தடயவியல் செவிலியர்க்கெனப் பன்னாட்டுக் கழகம் ஒன்று தோன்றியது. வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்ணை அணுகுதற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் அங்கு 1970-களிலிருந்தே பணியாற்றி வந்தனர். அவள் ஒப்புதலைப் பெறுதல், காயங்களைக் குறித்தல், தடயம் எடுத்து முத்திரையிடல், கருத்தடைக்கும் நோய்த்தடுப்புக்கும் வழிசெய்தல், வழக்குமன்றத்தில் சான்றுரைத்தல் ஆகிய அனைத்தும் அவர்தம் பணி. எய்ட்சுத் தடுப்பு மருந்தை 72 மணிநேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். உடலினின்று எடுக்கும் தடயங்களுக்கு 96 மணிநேரமே எல்லை என்கின்றது நம் நடுவணரசின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை. இங்கோ அந்நேரமெல்லாம் மருத்துவமனைத் திண்ணையிலும் காவல்நிலைய வாயிலிலும் கழிகின்றது.

நம் சட்டப்படி அவ்வாய்வைச் செய்யவேண்டியவர் பதிவுபெற்ற மருத்துவர். அதுவும் அப்பெண்ணின் ஒப்புதலோடு, செய்தி கிடைத்த 24 மணிநேரத்திற்குள். செவிலிக்கு அவ்வுரிமை இல்லை. இந்தியச் செவிலியர் மன்றம் 2021-இல் திருத்திய பாடத்திட்டத்தில் தடயவியல் செவிலியத்தை ஒரு பாடமாக்கியது நன்றே. ஆனால், அதற்கு ஒதுக்கியது இருபது மணிநேரம்! யாப்பில் வெண்பா ஒன்றைக் கற்பிக்கவே எனக்கு அதனினும் மிகுதியாக நேரம் வேண்டியிருக்கின்றது.

மருத்துவர் என்றால் போதுமா? 'இருவிரல் ஆய்வு' என்னும் இழிசெயலை உச்ச வழக்குமன்றம் 2013-இலேயே கடிந்துரைத்தது. அதன் பின்னரும் அது ஒழியாமையால், 2022 ஏப்பிரலில் சென்னை உயர் வழக்குமன்றம் அதனைத் தடைசெய்யுமாறு தமிழக அரசைப் பணித்தது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச வழக்குமன்றம், அதைச் செய்வோர் தொழில்நெறி பிறழ்ந்தோரே என்று மீண்டும் கூற நேர்ந்தது. பட்டம் பெற்ற கைகள்தாமே அதைச் செய்து வந்தன?

மொழி இயக்கத்தார்க்கு இதில் என்ன வேலை என்பீர். சொல்கிறேன். என்னிடம் பயின்ற ஒருத்தி இன்று செவிலியாய் இருக்கிறாள். ஓர் இரவு வந்த சிறுபெண் 'அடிவயிறு வலிக்குது' என்று மட்டுமே சொன்னாளாம். மருத்துவர் வயிற்றுவலி என்று எழுதிச் சென்றார். விடியற்காலையில் போர்வை மாற்றும்போதுதான், 'எங்க மாமன் என்னைக் கெடுத்துப்புட்டான்க்கா' என்று வாய்திறந்தாள். அதற்குள் குளித்து, துணியையும் துவைத்துப் போட்டிருந்தாள். பின்னர் ஏட்டில் ஏறியதோ ஆங்கிலத்தில் ஒற்றை வரி. "ஐயா, அவ சொன்னது அதுல இல்லவே இல்லை" என்றாள் என் மாணவி. பெண் கூறுவதை அவள் சொற்களிலேயே பதிக என்று அந்த 2014 நெறிமுறையும் கூறுகின்றது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-இல். ஆயினும் அவள் கைந்நாட்டு வைக்கும் ஒப்புதல் தாளில் அவளுக்குப் புரியும் எழுத்து உண்டா?

நம் பங்கிலும் குறை உண்டு. 'கற்பழிப்பு' என்று நாமே எத்துணைக் காலம் எழுதினோம்! தனித்தமிழ்ச் சொல்தான், ஆயினும் தகாத சொல். செய்தவன் செயலைச் சுட்டாமல், அவளிடத்தில் ஏதோ அழிந்துபோனதாகச் சாற்றும் சொல். வன்புணர்ச்சி என்றே எழுதுவோம். செவிலியர் ஏடும் அவ்வாறே எழுதட்டும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் இறுதியில் நம் திருவண்ணாமலைப் புறவழிச்சாலையருகே, ஆந்திரத்திலிருந்து வந்த இளம்பெண்ணை வன்புணர்ந்த குற்றச்சாட்டில் காவலர் இருவர் சிறைப்படுத்தப்பட்டுப் பணிநீக்கமும் செய்யப்பட்டனர். ஊர்க்காவலுக்கு உரியோர் மேலேயே இப்பழி! அத்தகையாள் ஒருத்தியின் சொல் தெலுங்கில்தான் வரும். தெலுங்கிலேயே அது கேட்கப்படல் வேண்டும். தமிழ்ப்பெண்ணுக்குத் தமிழில் கேட்கும் உரிமை எதுவோ அதுவே அவளுக்கும் உரியது.

முழுநிலாதோறும் மலைவலம் வருவோர் இலக்கக்கணக்கில் கூடும் ஊர் இது. கார்த்திகை விளக்கீட்டிற்கு எத்தனை வண்டி, எத்தனை காவலர், எத்தனை தண்ணீர்த்தொட்டி என்று முன்னரே கணக்கிடுகின்றனர். அக்கணக்கில் இதனையும் சேர்க்குமாறு மாவட்ட ஆட்சியர்க்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர்க்கும் எழுதுவோம்: இரவும் பகலும் பணியிலிருக்கும், தனிப்பயிற்சி பெற்ற, தமிழும் தெலுங்கும் அறிந்த பெண்செவிலியர், கதவுள்ள ஓர் அறை, தமிழில் அச்சிட்ட ஒப்புதல் தாள். மடலை உங்கள் ஊர்ப்பெயரிட்டு விடுக்க; படியொன்று நமக்கும் வரட்டும்.