மில்வாக்கி: பல இனத்தவர் வாழும் ஊருக்கு ஒரே மாதிரி விருந்தாளிகளே வருவது ஏன்?

ஹார்லி-டேவிட்சன் பைக் உங்களுக்குத் தெரியும். அதற்கு இந்தியா போட்ட இறக்குமதி வரியைப் பற்றி ட்ரம்ப் வருஷக்கணக்கில் புலம்பியதும் தெரியும். அந்த பைக் பிறந்த ஊர் எது என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்போம். மில்வாக்கி. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தின் மிகப் பெரிய நகரம். 1903-ல் ஹார்லி அங்கேதான் தொடங்கியது.

நம் செய்திகளில் அந்தப் பக்கம் பெரிதாக அடிபட்டதென்றால், 2012 ஆகஸ்ட் 5-ஐச் சொல்லலாம். மில்வாக்கியை ஒட்டிய ஓக் க்ரீக் குருத்வாராவுக்குள் வெள்ளை இனவெறியர் ஒருவர் புகுந்து ஆறு பேரைச் சுட்டுக்கொன்ற நாள் அது. அதன் பிறகு 2024 ஜூலையில், ட்ரம்பை வேட்பாளராக அறிவித்த குடியரசுக் கட்சி மாநாடு அங்கே நடந்தது.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு சிக்கல். ஊருக்குள் பல இனத்தவர் இருக்கிறார்கள். ஆனா சுற்றிப் பார்க்க வருகிற கூட்டத்தில் அந்தக் கலவை தெரிவதில்லை.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மில்வாக்கி நகரத்தில் 5,77,222 பேர். இதில் கறுப்பினத்தவர் சுமார் 39%, வெள்ளையினத்தவர் சுமார் 33%, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் சுமார் 20%. எந்த இனத்துக்கும் பெரும்பான்மை கிடையாது. மாநிலத்தை எடுத்துக்கொண்டால் கதை வேறு. விஸ்கான்சினில் 10-ல் 8 பேர் வெள்ளையினத்தவர். மில்வாக்கிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் வருவதில்லை. பக்கத்து மாவட்டம், பக்கத்து மாநிலம் என்று காரில் வந்து போகிறவர்கள். அந்த வட்டாரம் எப்படி இருக்கிறதோ, வருகிற கூட்டமும் அப்படித்தானே இருக்கும்?

பாதி விடை இதுதான். வழக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு காரணம் விமான நிலையம். மில்வாக்கியிலிருந்து ஆசியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ நேரடி விமானம் கிடையாது. நீங்கள் போவதென்றாலும் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் இறங்கித்தான் போக வேண்டியிருக்கும். சிகாகோவில் இறங்கினவர் சிகாகோவையே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

விமானத்தை மட்டும் குறை சொன்னால் கணக்கு உதைக்கிறது. சிகாகோ சுமார் 145 கிலோமீட்டர் தூரம்தான். ஹயவாதா என்ற ஆம்ட்ராக் ரயில் தினமும் பல தடவை ஓடுகிறது, ஒன்றரை மணி நேரப் பயணம். அந்தச் சிகாகோவில் 27 லட்சத்துக்கும் அதிகமான மக்கள். அதில் கறுப்பினத்தவரும் லத்தீன் வம்சாவளியினரும் சேர்ந்து கிட்டத்தட்ட 16 லட்சம் பேர். அதாவது மில்வாக்கியின் மொத்த மக்கள்தொகையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல், ஒன்றரை மணி நேர ரயில் தூரத்தில். இவர்களை இழுக்க முடியவில்லை என்றால் அதற்கு விமானம் காரணமாக இருக்க முடியாது.

அப்போ வேறு எது? இதற்கு நாம் 1960-களுக்குப் போக வேண்டும்.

இரண்டு ஊர்கள், ஒரே பெயர்

ஒரு நகரத்தில் இனங்கள் எவ்வளவு பிரிந்து வாழ்கின்றன என்பதை அளக்க ஒரு குறியீடு இருக்கிறது. 0 என்றால் எல்லாப் பகுதிகளிலும் எல்லோரும் சீராகக் கலந்திருக்கிறார்கள். 100 என்றால் முழுப் பிரிவினை. மில்வாக்கி பெருநகரப் பகுதியில் கறுப்பர்-வெள்ளையர் குறியீடு பல வருஷங்களாக 80-ஐ ஒட்டியே நிற்கிறது. எளிமையாகச் சொன்னால், சீரான கலப்பு வர வேண்டுமானால் 100 கறுப்பினத்தவரில் 80 பேர் வேறு பகுதிக்குக் குடிமாற வேண்டும். அமெரிக்காவிலேயே மிக மோசமான பிரிவினை உள்ள பெருநகரங்களின் பட்டியலில் இது எப்போதும் மேலே இருக்கும்.

இது தானாக நடந்ததில்லை. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம் இருந்தது. மாநகராட்சி மன்றத்தின் முதல் பெண் உறுப்பினரும் முதல் கறுப்பின உறுப்பினருமான வெல் ஃபிலிப்ஸ், வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்ய 1962-ல் ஒரு சட்ட வரைவு கொண்டுவந்தார். அவர் ஒருவர் மட்டுமே ஆதரவாக வாக்களித்தார். மறுபடி மறுபடி கொண்டுவந்தார். மறுபடி மறுபடி தோற்றது.

1967 ஆகஸ்ட் 28-ல் பாதிரியார் ஜேம்ஸ் க்ரொப்பியும் இளைஞர்களும் 16-வது தெருப் பாலத்தைக் கடந்து நகரின் தெற்குப் பக்கத்துக்கு ஊர்வலம் போனார்கள். வடக்கே கறுப்பர்கள், தெற்கே போலந்து வம்சாவளி வெள்ளையர்கள். ஆப்பிரிக்காவையும் போலந்தையும் இணைக்கிற, உலகத்திலேயே நீளமான பாலம் என்று உள்ளூரில் கிண்டல் செய்வார்களாம். அந்தப் பக்கம் கல்லும் பாட்டிலும் பறந்தன. ஊர்வலம் நிற்கவில்லை, 200 இரவுகள் நடந்தது. நாடு முழுமைக்குமான வீட்டுரிமைச் சட்டம் 1968 ஏப்ரலில் வந்த பிறகுதான் நகரத்திலும் அது சட்டமானது.

அப்போது மேயராக இருந்தவர் ஹென்றி மையர். புறநகர்களை விட்டுவிட்டு நகரத்துக்கு மட்டும் அப்படியொரு சட்டம் கூடாது என்று நின்றவர். அதே மையர்தான் ஜெர்மனியின் மியூனிக் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்து, 1968-ல் 'சம்மர்ஃபெஸ்ட்' என்ற இசைத் திருவிழாவைத் தொடங்கியவர். இன்றைக்கு மில்வாக்கியின் பெரிய சுற்றுலா அடையாளம் அதுதான். அது நடக்கும் ஏரிக்கரை மைதானத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ப்ரான்ஸ்வில் என்ற கறுப்பினப் பகுதி, ஜாஸ் கிளப்களும் கடைகளுமாக இருந்த இடம். அதன் நடுவே ஐ-43 நெடுஞ்சாலையைப் போட்டார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் போயின. வெளியூர்க்காரரைக் கூட்டிப்போய்க் காட்ட ஒரு தெரு இருந்தது; அந்தத் தெருவும் போனது.

பயணிக்கு எது தெரிகிறது?

நீங்கள் மில்வாக்கிக்குப் போனால் எதைப் பார்ப்பீர்கள்? கலட்ராவா வடிவமைத்த, சிறகு விரிக்கும் கலை அருங்காட்சியகம். ஹார்லி அருங்காட்சியகம். பீர் ஆலைகள். ஏரிக்கரையில் ஜெர்மன், ஐரிஷ் திருவிழாக்கள். எல்லாமே நல்ல இடங்கள்தான், ஆனா பெரும்பாலும் ஒரே பகுதியில், ஒரே மாதிரிக் கதையைச் சொல்கின்றன. (அதே மைதானத்தில் 'இந்தியன் சம்மர்' என்றொரு திருவிழாவும் ரொம்ப காலம் நடந்தது. நம்மூர்க்காரர்கள் ஏமாற வேண்டாம், அது அமெரிக்கப் பூர்வகுடிகளின் விழா.)

இதற்குப் பணம் வரும் வழியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஊரை விளம்பரப்படுத்தும் செலவில் ஒரு பங்கு ஓட்டல் அறை வரியிலிருந்து வருகிறது. ஓட்டல்கள் நகர மையத்தில் இருக்கின்றன. விளம்பரமும் ஆளை அங்கேயேதான் கூப்பிடும்.

பயம் என்ற விஷயத்தையும் ஒதுக்க முடியாது. கறுப்பினப் பயணிகள் எங்கே பாதுகாப்பாகத் தங்கலாம், சாப்பிடலாம் என்று பட்டியலிட்ட 'க்ரீன் புக்' 1936-லிருந்து 1960-கள் வரை வந்தது. அது நின்றாலும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. 2018 ஜனவரியில் மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி வீரர் ஸ்டெர்லிங் பிரவுன், காரைத் தப்பாக நிறுத்திய விவகாரத்தில் போலீஸாரால் கீழே தள்ளப்பட்டு மின் அதிர்ச்சித் துப்பாக்கியால் தாக்கப்பட்டார். நகரம் 7.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. ஊரே கொண்டாடும் அணியின் வீரருக்கே இந்த நிலை என்றால், சிகாகோவிலிருந்து காரில் வரும் ஒரு குடும்பம் என்ன நினைக்கும்?

இதில் போகிற பணம் சின்னதில்லை. எம்எம்ஜிஒய் குளோபல் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் அமெரிக்கக் கறுப்பினப் பயணிகள் சுற்றுலாவுக்குச் செலவழித்தது 10,900 கோடி டாலருக்கும் மேல். விளம்பரத்தில் தங்களைப் போன்றவர்களைப் பார்த்தால் அந்த ஊருக்குப் போகத் தோன்றும் என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதில் சொன்னார்கள்.

விளம்பரத்தில் முகத்தை மாற்றினால் போதுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மான்ட்கமரியைப் பாருங்கள். அலபாமா மாநிலத்தில், மில்வாக்கியில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமான மக்கள் மட்டுமே உள்ள 2 லட்சம் பேர் ஊர். பெரிய விமான நிலையம் கிடையாது. 2018-ல் அங்கே நிறவெறிக் கொலைகளுக்கான நினைவிடமும் அடிமை வரலாற்று அருங்காட்சியகமும் திறந்தார்கள். முதல் வருஷமே லட்சக்கணக்கானோர் வந்தார்கள். தன் கசப்பான கதையை மறைக்காமல் சொன்னதைத்தான் பார்க்க வந்தார்கள்.

மில்வாக்கி அந்தக் கதையை 30 வருஷம் முன்னாடியே தொடங்கியிருந்தது. 1930-ல் இண்டியானாவில் வெள்ளையர் கும்பல் இரண்டு இளைஞர்களைத் தூக்கில் தொங்கவிட்டது. கூட இருந்த 16 வயது ஜேம்ஸ் கேமரன் மட்டும் தப்பினார். அவர்தான் 1988-ல் மில்வாக்கியில் 'அமெரிக்காஸ் பிளாக் ஹோலோகாஸ்ட்' அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். 2006-ல் அவர் இறந்தார். 2008-ல் பணமில்லாமல் அது மூடப்பட்டது. மறுபடி திறக்க 2022 ஆனது. இதே ஊரில்தான் ஜூன்டீன்த் விடுதலைத் திருநாளை 1971-லிருந்து தெருவில் கொண்டாடுகிறார்கள், அது தேசிய விடுமுறையாவதற்கு 50 வருஷம் முன்பிருந்தே.

பிரச்சினை, அங்கே ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருக்கிறது. நகர மையத்தில் 'ஹாப்' என்ற இலவச ட்ராம் 2018-லிருந்து ஓடுகிறது. அதை ப்ரான்ஸ்வில் வரை நீட்டிக்க வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது. 2023-ல் குடியரசுக் கட்சி பெரும்பான்மை கொண்ட மாநில சட்டமன்றம், நிதி நெருக்கடியில் இருந்த மில்வாக்கிக்கு 2% விற்பனை வரி போட அனுமதி கொடுத்தது. கூடவே நிபந்தனைகள்: சொத்து வரிப் பணத்தை ட்ராமுக்குச் செலவழிக்கக் கூடாது, இன அடிப்படையில் முன்னுரிமை தரும் பணியிடங்களுக்கும் செலவழிக்கக் கூடாது. அடுத்த வருஷமே 45 கோடி டாலர் செலவில் விரிவாக்கிய மாநாட்டு மையம் நகர மையத்தில் திறக்கப்பட்டது.

பக்ஸ் அணியின் அரங்கம் இருக்கும் சாலைக்கு இப்போது வெல் ஃபிலிப்ஸின் பெயர். அரங்கத்தைத் தாண்டி அதே சாலையில் வடக்கே சுமார் 2 கிலோமீட்டர் போனால், நார்த் அவென்யூ முனையில் கேமரனின் அருங்காட்சியகம். ட்ராம் அதுவரை போகாது.