வழி விடச் சொல்லும் புண்ணியவான்களுக்கு...

2025 ஜனவரி 24, மெல்போர்ன் அரையிறுதி. முதல் செட்டை டை-பிரேக்கரில் பறிகொடுத்த ஜோகோவிச், ஸ்வெரேவுக்குக் கை கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கால் தசை கிழிந்திருந்தது. கூட்டத்தில் ஒரு பகுதி ஊளையிட்டது. ஊளையிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர் ஸ்வெரேவ்!

அன்று சாயங்காலம் நம்ம ஆட்கள் கூடிய இடத்திலும் அதே ஊளைதான். "37 வயசாச்சு. மரியாதையா ஒதுங்கி சின்னப் பசங்களுக்கு வழி விட வேண்டியதுதானே சார்?" என்றார் நண்பர். காலிறுதியில் அந்த 37தான் 21 வயது அல்கராஸை வீட்டுக்கு அனுப்பியிருந்தது என்பது அவருக்கு மறந்துபோச்சு.

வழி விடுவதாம். டென்னிஸ் கோர்ட் என்ன டவுன் பஸ்ஸா, பெரியவர் எழுந்தால் சின்னவர் உட்கார?

ஏலப்பாறையில் தோட்டத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்த என் அப்பாவுக்கு 1973 என்றால் விஜய் அமிர்தராஜ்தான். 19 வயது மெட்ராஸ் பையன், அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரை ஐந்து செட்டில் சாய்த்தான். லேவருக்கு அப்போது 35. காலிறுதியில் எதிரே நின்றவர் அவரைவிட மூத்தவர், 38 வயது கென் ரோஸ்வால். விஜய் தோற்றார். 1974ல் அதே ஊர், இந்தத் தடவை இளம் போர்க்கை ஜெயித்து மறுபடி காலிறுதி, மறுபடி ரோஸ்வால், மறுபடி தோல்வி. அப்பா அதை எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட 'அந்தக் கிழவன் ஒதுங்கியிருக்கலாம்' என்று சொன்னதில்லை. லேவர் ஒதுங்கியிருந்தால் அப்பாவுக்குச் சொல்லக் கதையே கிடையாதே!

அந்த வருட இறுதி ஆட்டத்தில் ரோஸ்வாலை 22 வயது கானர்ஸ் 6-1, 6-0, 6-1 என்று துவைத்து எடுத்தார். அசிங்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோப்பைக்கு வெயிட் வந்தது எதிரே ரோஸ்வால் நின்றதால். அதே கானர்ஸ் 1991ல், 39 வயதில், அதே போட்டியில் அரையிறுதி வரை வந்தபோது நியூயார்க்கே எழுந்து நின்று கத்தியது.

நம்ம பிழைப்பிலேயே பார்த்ததுதான். 2000-01ல் பொதுத்துறை வங்கிகளில் வி.ஆர்.எஸ். வந்தது. 15 வருட சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தால் விண்ணப்பிக்கலாம். நான் இருந்த கிளையில் லோன் ஃபைலைத் தொட்டுப் பார்த்தே வாராக்கடன் என்று சொல்லிவிடும் சீனியர் ஒருவர் போனார். 'இளைஞர்களுக்கு வழி' என்று பேசி மாலை போட்டார்கள். அவர் நாற்காலியில் எங்களில் யாரும் உட்காரவில்லை. அந்தப் போஸ்டையே தூக்கிவிட்டார்கள். அவர் வேலையும் சேர்ந்து எங்கள் தலையில்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பழைய பெயருக்காக ஒருவருக்கு ஓசி வைல்டு கார்டு கொடுத்தால், அந்த இடம் எங்கோ வியர்வை சிந்தும் ஒரு பையனுடையது. (கானர்ஸும் 1991ல் அப்படி வந்தவர்தான், தெரியும், ஆரம்பிச்சுடாதீங்க!) ஜோகோவிச் ரேங்கிங்கில் நுழைந்தவர். 2025ல் நாலு கிராண்ட்ஸ்லாமிலும் அரையிறுதி. பாரிஸிலும் விம்பிள்டனிலும் சின்னர், நியூயார்க்கில் அல்கராஸ், ஜெயித்துத்தான் அவரை வெளியேற்றினார்கள். யாரும் வழி கேட்கவில்லை.

சொல்ல மறந்துட்டேன், நண்பருக்கு வயது 47. போன மாதம் அவர் பக்கத்து மேஜையில் 26 வயதுப் பையனை உட்காரவைத்து வேலை கற்றுக்கொடுக்கச் சொன்னார்களாம். மூன்று நாள் தூக்கமே இல்லை என்று எனக்கு ஃபோன் போட்டவரும் இவரேதான்.